தம்மாமில் நான் கொன்ற மனிதர்

பதினொன்றாம் வகுப்பில் நான் பெரிய எழுத்தாளர். அதை நானே முடிவு செய்திருந்தேன். தென்காசியில் வீடு, இலஞ்சியில் பள்ளிக்கூடம், பையில் கணக்கு நோட்டு என்று அம்மாவிடம் பொய் சொல்லி வாங்கிய இருநூறு பக்க நோட்டு. சாரல் அடித்தால் மற்றவர்கள் ஜன்னலை மூடுவார்கள். நான் மூடவிடாமல் வெளியே வெறித்துக்கொண்டிருப்பேன். கற்பனை வருமாம். சளிதான் வந்தது.

அந்த நோட்டில் ஒரு தொடர்கதை ஓடியது. வகுப்பில் பெண்கள் பெஞ்ச் பெஞ்சாகக் கைமாற்றிப் படித்தார்கள். யாராவது செத்தால்தான் அழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, ஆறு அத்தியாயத்துக்குள் நான்கு பேரை ஐந்தருவியில் தள்ளிவிட்டேன். ஐந்தாவது ஆளும் அருவிப் பக்கம் நடந்தபோது பின் பெஞ்சுக்காரி ஒருத்தி, "ஏட்டி, திரும்பவும் அருவியா? குளிக்கப் போறவகள நிம்மதியா விட மாட்டியா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

வேறு சாவு தேவைப்பட்டது. பக்கத்தில் என் உயிர்த்தோழி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சவூதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அவரை எடுத்தேன், கொன்றேன். மகள் பெயரை மட்டும் மாற்றினேன். தம்மாமை மாற்றவில்லை. எனக்கு வேறு வெளிநாட்டு ஊர் தெரியாது.

தோழி வெள்ளிக்கிழமைதோறும் புது அத்தியாயத்தைத் தன் அம்மாவின் போனில் படம் பிடித்து, வடகரையில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அன்று அவசரத்தில் தான் படிக்காமலே அனுப்பிவிட்டாள். அங்கே போனை எடுத்தது பெரியம்மா. முதல் வரியே, "தம்மாமிலிருந்து போன் வந்தது, அத்தா மவுத்தாகிவிட்டார்." தங்கச்சி போனிலிருந்து வந்த செய்தி. இரண்டாவது வரியை யார் படிப்பார்கள்?

குடும்ப குரூப்பில் 'இன்னாலில்லாஹி' என்று இரங்கல் குவிந்தது. ஒரு மணி நேரத்தில் வேன் நிறைய ஆட்கள் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். மீன் பொரித்துக்கொண்டிருந்த தோழியின் அம்மா, தெருவில் யாரோ போய்விட்டார்களாக்கும் என்று கரண்டியோடு வாசலுக்கு வந்திருக்கிறார். அவரையே கட்டிப்பிடித்து அழுதார்களாம். இதற்குள் ஒரு சொந்தக்காரர் தம்மாமுக்கே போன் போட்டு, "மய்யித்த ஊருக்கு அனுப்புதாகளா, அங்கனயே அடக்கமா?" என்று கேட்டுவிட்டார். "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்டவர், செத்துப்போனவரேதான்.

திங்கட்கிழமை தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நான்கு பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். வெட்கமே இல்லாமல் அதிலும் மழை, மேகம் என்று வர்ணனை. படிக்காமல் திருப்பித் தந்தாள். அவளை விட்டால் எனக்கு வேறு ஆளே கிடையாது. கதையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், இவள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். "அவ அத்தாவுக்கு ஒன்கிட்ட பேசணுமாம்." தோழி சுவரோரம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"என்னைய எப்படிம்மா கொன்ன?"

"ஹார்ட் அட்டாக், மாமா."

"பரவால்ல, கஷ்டப்படாமதான் போயிருக்கேன்." சிரித்தார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முழுசும் அனுப்பச் சொல்லிப் படிச்சேன். அத்தா லீவுல வந்தா பக்கத்துல உக்காரவே கூச்சமா இருக்கும், யாரோ வேத்தாளு மாதிரின்னு கதையில அந்தப் புள்ள சொல்லுதே. அது எம்மவ சொன்னதா, நீயா எழுதுனதா?"

அவள் பஸ்ஸில் சொன்னது. ஒரு எழுத்து மாற்றாமல் போட்டிருந்தேன். சுவரோரம் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நானா எழுதுனது, மாமா."

"சரிம்மா. இந்தத் தடவ ஒரு மாசம் கூடுதலா லீவு கேட்டிருக்கேன்னு அவகிட்ட சொல்லிரு."

சொல்லுகிறேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நான் இங்கனதான் இருக்கேன் அத்தா," என்றாள். "என்கிட்டயே சொல்லுங்க."