எடுக்க மறந்த கை

இரண்டாம் வகுப்புக்கு மார்க்கப் பாடம் எடுப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் ‘பட டீச்சர்’. தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம் என்று வரிசை தப்பாமல் கழுவும் ஒளுவை அவள் மனப்பாடம் பண்ண வைக்கவில்லை. குழாயடிச் சுவரில் ஏழு படங்களை ஒட்டினாள். முதலில் கூடவே கழுவிக் காட்டினாள். பிறகு வாயால் மட்டும் சொன்னாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு, வாரம் ஒரு படமாகச் சுவரிலிருந்து எடுத்தாள்.

“படம் பார்த்தா மார்க்கம் வந்துடுமா?” என்று தலைமை ஆசிரியை இடித்துக்கொண்டே இருந்தார்.

“நடக்கப் பழகுற பிள்ளையோட விரலை மெல்லத்தானே மேடம் விடணும்?” என்று சொல்ல நினைப்பாள். அதற்குள் அடுத்த படத்தை எடுக்கப் போய்விடுவாள்.

அவள் வேலை தற்காலிகம். வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வருகிறார். பிள்ளைகள் யார் துணையும் இல்லாமல் ஒளு செய்கிறார்கள் என்று அவர் எழுதினால்தான் அடுத்த வருஷமும் வேலை.

சுவர் வெறுமையாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒளு தண்ணீர் பட்ட பாடு. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

புதன்கிழமை நோட்டுக்கட்டை இரண்டு கையாலும் அணைத்தபடி குழாயடிக்கு வந்தாள். பிள்ளைகள் கை கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள், அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லாக் கண்ணும் அவள் கையின் மேல். நோட்டுகளை இறக்கி வைத்தாள். அவளை அறியாமலே வலது கை மூக்குக்குப் போனது. அடுத்த நொடி அத்தனை பேரும் மூக்குக்குத் தண்ணீர் எடுத்தார்கள்.

இத்தனை நாளும் தன் கையைப் பார்த்துத்தான் கழுவியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வீட்டில் சொன்னதும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். “சுவத்துல இருந்த படத்தையெல்லாம் எடுத்துட்டு, நீயே படமா நின்னிருக்கியேக்கா!”

“சிரிக்காதடி. நாளைக்கு என் பொழப்பே போகப் போகுது.”

மறுநாள் மேற்பார்வையாளர் பக்கத்தில் கைகளைப் பின்னால் கோத்து, விரல்களை நெரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் கை கழுவினார்கள். வாய் கொப்பளித்தார்கள். நின்றார்கள். குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கை மேலே வரத் துடித்தது. நெரித்துப் பிடித்தாள்.

முன்வரிசையில் இருந்த வாயாடி ஒருத்தி மெல்ல முகத்துக்குத் தண்ணீர் எடுத்தாள்.

“ஏய், மூக்கு!” பின்னாலிருந்து ஒருத்தி அதட்டினாள். “டீச்சர் கை போகலன்னா உனக்கு மூக்கே இல்லையா?”

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று தட்டுத்தடுமாறி, ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு முடித்தார்கள்.

மேற்பார்வையாளர் திரும்பினார். “டீச்சர் கை போகலன்னா... அப்படின்னா என்னம்மா?”

பொய் சொல்லலாம். மனசு ஒப்பவில்லை. “எல்லாத் துணையையும் எடுத்துட்டேன்னு நினைச்சேன் மேடம். என் கையை எடுக்க மறந்துட்டேன். நேத்துதான் தெரிஞ்சது.”

அவர் குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதினார். “ஒரு மாசம் கழிச்சு திரும்ப வரேன். அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ண மாட்டேன். இதுல கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்க வேண்டும். பின்னால் கோத்த விரல்கள் மரத்துப்போய், பிரியவே மாட்டேன் என்றன.