தட்டுப் பவளத்தில் விழுந்த நிழல்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் 11.40. கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தொட்டிக்காரரின் கைப்பேசியில் நிமிடத்துக்கு ஓர் எண்ணாக எல்லாம் இன்றும் அப்படியே இருக்கிறது. கருவிக்குப் பயமும் கிடையாது, கற்பனையும் கிடையாது.

தொட்டிக்காரர் என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கடைகள், ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது அவர் தொழில். அவற்றில் அவருக்குச் செல்லப்பிள்ளை, கண் டாக்டர் ஒருவரின் காத்திருப்பு அறையில் இருந்த அறுபது லிட்டர் கடல்நீர்த் தொட்டி. இரண்டு மீன், ஐந்தாறு பவளம், தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தொங்கும் எல்இடி விளக்கு. அவ்வளவுதான்.

பவளம் பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஆனால் உயிருள்ளது. அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தை வைத்து அதற்குச் சமைத்துப் போடுகின்றன. வெளிச்சம் மிஞ்சினால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே துரத்திவிட்டு வெளுத்துப்போகும். குறைந்தாலோ, வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கப் பாசிகள் பெருகி, பவளம் பழுப்படிக்கும். யோசித்துப் பார்த்தால் அது ரொம்ப நிதானமாக எடுக்கப்படும் ஒரு புகைப்படம். வெளிச்சம் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பதை வாரக்கணக்கில் தன் உடம்பிலேயே எழுதி வைக்கும்.

அந்தத் தொட்டியின் நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டுப் பவளம் இருந்தது. அதில்தான் பழுப்பு விழ ஆரம்பித்தது.

தொட்டிக்காரர் விளக்கின் அளவைப் பார்த்தார். நீலம் அறுபது சதவீதம், வெள்ளை இருபது. அவர் வைத்தது வைத்தபடி இருந்தது. சரி என்று நீலத்தை அறுபத்தைந்தாக்கினார். ஒரே மூச்சில் ஏற்றினால் பவளம் தாங்காது, வாரத்துக்கு ஐந்துதான் ஏற்ற வேண்டும். அடுத்த வாரம் எழுபது. பக்கத்துப் பவளங்களின் நுனி வெளுக்கத் தொடங்கியது. தட்டுப் பவளம் மட்டும் இன்னும் பழுப்பானது.

ஆறு வாரத்துக்கு முன்னால் போட்ட இருட்டு காரணமாக இருக்குமோ என்றும் யோசித்தார். கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்ததால் அப்போது மூன்று நாள் விளக்கை அணைத்து, கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார். பாசியை ஒழிக்க அது வழக்கமான வைத்தியம். துணி போடும்போது பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர் கேட்டதுகூட அவருக்கு நினைவிருந்தது.

"கொஞ்ச நேரம் எரியட்டுமே தம்பி. கை இன்னும் சூடாகல."

எல்இடியில் ஏது சூடு? இவருக்குச் சிரிப்புதான் வந்தது. "மூணு நாள் பொறுங்க சார்" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு, நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனால் மூன்று நாள் இருட்டில் பவளம் இப்படி ஆகாது. அப்படியானால் விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரோ எதையோ வைக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற டோக்கனக்கா. "இந்த நீல வெளிச்சம் கண்ணைக் குத்துது தம்பி. கண்ணாஸ்பத்திரியில வேலை பாத்து என் கண்ணு போகணுமா?" என்று பலமுறை குறைப்பட்டவர். அதுமட்டுமா? தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் கொஞ்ச வாரமாக அவருடைய கைப்பை இருக்கும். ஆட்கள் நின்றுகொண்டிருந்தாலும் எடுக்க மாட்டார். யாராவது உட்காரப் போனால், "அங்க வேணாம், இந்தப் பக்கம் வாங்க."

"ஏன்க்கா, உங்க பை டாக்டரைப் பாக்க வந்திருக்கா?" என்று இவர் ஒருநாள் கிண்டலாகக் கேட்டார்.

டோக்கனக்கா சிரிக்கவில்லை. பேச்சை மாற்றிவிட்டார்.

தொட்டிக்காரர் தன் சந்தேகத்தை டாக்டரிடம் சொன்னார். "ஆதாரம் காட்டுங்க. அந்தம்மாதான்னா மாசக் கடைசியோட நிறுத்திடுறேன்" என்றார் டாக்டர். இரண்டு பெண் பிள்ளைகளை அக்கா அந்தச் சம்பளத்தில்தான் படிக்கவைக்கிறார் என்பது தொட்டிக்காரருக்குத் தெரியும். ஆனாலும் கண்ணெதிரே தன் பவளம் சாகிற கோபம்.

நாணயம் அளவுக்கு ஓர் ஒளிமானி உண்டு. தண்ணீருக்குள் பவளத்தின் மேலேயே வைத்துவிட்டால், விழுகிற வெளிச்சத்தை அளந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசிக்கு அனுப்பும். திங்களன்று வைத்தார். சனி மாலை கைப்பேசியில் பட்டியலைப் பார்த்தார். நாளெல்லாம் 180. சரியாக 11.40க்கு 40 ஆகச் சரிகிறது. 12.25க்கு மறுபடி 180. ஆறு நாளும் அதே நேரம், அதே அளவு.

முக்கால் மணி நேர நிழலில் ஒரு பவளம் இவ்வளவு பழுப்பாகாது. இது அவருக்குத் தெரிந்த விஷயம். கோபத்தில் அதை யோசிக்கவில்லை. பட்டியலை அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிட்டார்.

அன்று இரவு எட்டு மணிக்கு டோக்கனக்கா கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"நான் அந்தத் தொட்டியத் தொடுறதே இல்ல தம்பி. இப்படிப் பண்ணிட்டீங்களே."

"மானி பொய் சொல்லாதுக்கா."

அவர் ஏதோ சொல்ல வந்தார்... பிறகு வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. விடுமுறை நாளில்தான் தண்ணீர் மாற்றுவது வழக்கம், அதனால் ஆஸ்பத்திரிச் சாவி ஒன்று இவரிடமே இருந்தது. 11.20க்குக் கதவைத் திறந்தார். உள்ளே யாருமில்லை. பக்கத்து நாற்காலியில் அன்று பையும் இல்லை.

11.31. மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் அசையாமல் நின்றால்தான் பவளத்தை மேலிருந்து தெளிவாகப் பார்க்க முடியும். இத்தனை வாரமும் முன்பக்கக் கண்ணாடி வழியாகவே பார்த்திருந்தார். மோட்டார் ஓய்ந்ததும் அறையில் சத்தமே இல்லை. குனிந்து பார்த்தார்.

பழுப்பு திட்டுத் திட்டாக இல்லை. நீளமாக நான்கு கோடுகள். பக்கவாட்டில் குட்டையாக ஒன்று. கீழே அகலமாக ஓர் இடம்.

கை.

விரித்து வைத்த ஓர் ஆணின் கை. டோக்கனக்காவின் கை இதில் பாதிகூட இருக்காது.

முக்கால் மணி நேர நிழல் போதாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கைப்பேசியைப் பார்த்தார். 11.39. அளவு 180.

11.40.

"புஸ்ஸ்..."

பக்கத்து நாற்காலி. யாராவது உட்கார்ந்தால் மெத்தையிலிருந்து காற்று இறங்குமே, அந்தச் சத்தம்.

மெத்தை அமுங்கியிருந்தது.

கைப்பேசியில் எண் இறங்கியது. 180... 150... 90... 40.

விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே எதுவும் இல்லை. ஆனால் பவளத்தின் மேல், அந்தப் பழுப்பின் மேல் அச்சாகப் பொருந்தி, ஒரு நிழல். அதன் விரல்கள் மெல்ல மடங்கின... விரிந்தன. குளிர்காய்கிற மாதிரி.

ஏன் கையை நீட்டினார் என்று அவருக்கே தெரியாது. எதையும் சோதித்துப் பார்த்தே பழகியவர். தன் கையை விளக்குக்குக் கீழே நீட்டினார். பவளத்தில் அவர் கையின் நிழல் விழுந்தது.

மற்ற நிழல் சற்று நகர்ந்து... இடம் விட்டது.

அவர் விரல் நுனியெல்லாம் ஜில்லிட்டது.

கையை இழுத்துக்கொண்டார். கைப்பேசியைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

12.10... 12.20...

12.25.

180.

நிழல் இல்லை.

மெத்தை மட்டும் மேலே எழவில்லை.

வாசலுக்கு வந்து கைப்பேசியில் டாக்டரைக் கூப்பிட்டார். மணி 12.31.

"அக்கா இல்ல சார். நான் தப்பாச் சொல்லிட்டேன். அவங்களை நிறுத்தாதீங்க."

"அப்ப யாரு?"

இவர் கண் உள்ளே அந்த நாற்காலிக்குப் போனது.

"சரி. அந்த நாற்காலிய நாளைக்கே எடுத்துடுறேன்" என்றார் டாக்டர்.

நாற்காலியைப் பற்றி இவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை மேசைக்கு முன்னால் நின்றார். "மன்னிச்சிடுங்கக்கா" என்றார். டோக்கனக்கா நிமிர்ந்து பார்க்காமல், "வேலை போகல. விடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுல கை மாதிரி தெரியுதா?"

"உங்களுக்கு எப்படி..."

"வாராவாரம் ஒரு பெரியவர் வருவாரு. கண்ணுல அழுத்தம். சீக்கிரமே வந்து அந்த நாற்காலியிலதான் உக்காருவாரு. கை எப்பவும் ஜில்லுனு இருக்கும் போல. விளக்குக்குக் கீழ நீட்டி வச்சுப்பாரு. கதகதப்பா இருக்கும்மான்னு சொல்லுவாரு. நீங்க துணி போட்டு மூடுனீங்களே, அன்னிக்கு 12.30க்குக் கூப்பிடுறேன், எந்திரிக்கல. தூங்குறார்னு தொட்டேன்..." நிறுத்தினார். "உயிர் இல்ல. வெளிய தெரிஞ்சா ஆள் வராதுன்னு டாக்டர் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு."

"கை எங்க இருந்துச்சுக்கா?"

"கறுப்புத் துணி மேல. விரிச்சு வச்ச மாதிரி."

தொட்டிக்காரர் நோட்டைப் புரட்டினார். அன்றைய பக்கம். அவர் கையெழுத்துதான். 'விளக்கு அணைப்பு, துணி, 3 நாள். மணி 12.25.'

"அப்ப நான் கிளம்பி அஞ்சு நிமிஷத்துல போயிட்டாரா? என்கிட்ட பேசினாரேக்கா. கொஞ்ச நேரம் எரியட்டும்னு கேட்டாரே. நான்தான் திரும்பிக்கூடப் பாக்கல."

டோக்கனக்கா அவரையே பார்த்தார்.

"உங்ககிட்டயா? பன்னெண்டு இருபத்தஞ்சுக்கா?"

"ஆமா. ஏன்?"

"அவர் கையில ஒரு வாட்ச் இருந்துச்சு தம்பி. நாடித்துடிப்பு பதியுற வாட்ச். அவர் பொண்ணு வந்து அழுதுக்கிட்டே எங்ககிட்ட காட்டுனாங்க."

"என்ன காட்டுச்சு?"

"துடிப்பு நின்னது 11.40க்கு."