ஒரு பக்கத்தில் மகன்

என் மகனுக்கு முப்பது வயது; பேச்சு வராது. அவனைப் போன்ற பிள்ளைகள் உள்ள ஆறு குடும்பங்கள் சேர்ந்து டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு பொது நிதி வைத்திருக்கிறோம். எங்கள் காலத்துக்குப் பிறகு, நகரசபை கொடுக்காத சின்னச் சந்தோஷங்களுக்கு அது உதவும். நிதியைப் பார்க்கும் டேனிஷ் வழக்கறிஞர், பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்.

தானாகக் குளிக்க மாட்டான், வலிப்பு வரும், தனியே விட முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் திருப்பித் தந்தார்.

"இதை வைத்து உங்கள் மகனுக்கு நான் என்ன வாங்கிக் கொடுப்பது?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் நகரசபைப் படிவங்களில் முடியாததை எழுதித்தானே உதவி பெற்றோம்.

வீட்டில் கணவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு ஏலாததை மட்டும்தானே எழுதியிருக்கிறீர். ட்ராமில போறதை எழுதும்."

ட்ராமில் யன்னலோர இருக்கை, சுடச்சுடப் பருப்பு வடை, மழைச் சத்தம். எழுத எழுதப் பக்கம் போதவில்லை.

போன சனிக்கிழமை வழக்கறிஞர் எங்களோடு ட்ராமில் வந்தார். நான் வாய் திறக்குமுன்பே மகனை யன்னலோரம் இருத்தி, பக்கத்தில் தானே இருந்துகொண்டார். நான் பின்னால் போய் இருந்தேன். அவனோடு போன இத்தனை பயணங்களில், அன்றுதான் நானும் வெளியே பார்த்தேன்.