கல்சியம் இல்லாத தட்டு

அப்பா கடைசியாக வலையிலிருந்து பிரித்துத் தந்த நட்சத்திரமீன் எங்கள் கம்பஸ் ஆய்வுகூடத் தொட்டியில் உயிரோடு இருந்தது. அப்பாதான் இல்லை. அதைத் தந்த அடுத்த கிழமை, முல்லைத்தீவுக் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

செத்தவீட்டில் நான் அழவில்லை. மாமிமார் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கத்த, நான் வந்தவர்களுக்குக் கதிரை போட்டேன். "படிச்சதுகளுக்குக் கண்ணீர் வராது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. எனக்குள் ஏதோ செத்துப்போய்விட்டதோ என்று பயமாக மட்டும் இருந்தது.

தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் வவுனியாவுக்குத் திரும்பினேன். வீட்டில் தனியே இருக்க ஏலாது என்று அம்மாவும் கூட வந்தார். பகலில் ஆய்வுகூட மூலையில் செபமாலையோடு இருப்பார்.

என் வேலை இதுதான். நட்சத்திரமீனின் நரம்பிலிருந்து ஓர் ஓமோன் சூலகத்துக்கு வரும். முட்டையைச் சுற்றியுள்ள கலங்கள், அந்த நுண்ணிய உயிரணுக்கள், அதற்குப் பதிலாக இன்னோர் ஓமோனைச் சுரக்கும். அது பட்டால் முட்டையின் கரு மறையும், முட்டை முதிரும். ஆனால் நீரில் கல்சியம் இல்லாவிட்டால், முதல் ஓமோன் வந்தாலும் அந்தக் கலங்கள் அசையாது. வாசலில் கூப்பிட்டும் வீட்டில் ஒருவரும் எழும்பாத மாதிரி. இதைக் காட்டத்தான் அப்பாவின் மீனை வைத்திருந்தேன். "கறிக்கும் ஆகாத சாமானுக்கோ கம்பஸ்?" என்று நக்கலடித்தபடியே தேடித் தந்தவர். அது வீணாகக்கூடாது.

அறுத்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்புகளைக் கலந்து, கல்சியம் மட்டும் சேர்க்காத தட்டில் சூலகத் துண்டுகளைப் போட்டு முதல் ஓமோனை விட்டேன்.

கல்சியம் இல்லாத தட்டின் நீரை வேறு முட்டைகள் மேல் விட்டுப் பார்த்தேன். மறையக்கூடாத கருக்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. காய்ச்சி வடித்த தண்ணீர்க் கானைத் திரும்பிப் பார்த்தேன். முதல்நாள் அடியில் கிடந்த தண்ணீர் காலையில் எப்படி நிறைந்திருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.

"அம்மா, இதுக்குள்ள தண்ணி விட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை, முடிஞ்சு கிடந்தது. பைப்பில பிடிச்சு விட்டனான்."

குழாய்க்கிணற்றுத் தண்ணீர். எங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைக் கல்லாகப் படிகிறதும் அதே கல்சியம்தான்.

மீனில் மிச்சம் ஒன்றும் இல்லை. அம்மாவை ஏச வாயெடுத்தேன், வேறு சத்தம் வந்தது. மேசையில் தலையை வைத்து மூக்கு ஒழுகக் கத்தினேன். அந்த மீனுக்காகத்தான், சத்தியமாக.

அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினார்.

"அழு பிள்ளை. எப்ப அழுவாய் எண்டு பார்த்துக்கொண்டுதான் நான் உன்னோட வந்தனான்."