வயிற்றில் கட்டிய சேலைத்துணி

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மெஷினில் இருந்தேன். கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். ஊரைப் பொறுத்தவரை அவர் டிபியில் போனவர். எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று நானே பார்த்திருந்தேன். கட்டிங் பகுதியில் ஒருவருக்கு அந்த நோய் என்று பேச்சுக் கிளம்பியதும், அவர் தண்ணீர் குடித்த பானையை உடைத்தார்கள். மறுவாரம் அவர் வேலைக்கு வரவில்லை. எனக்கு அந்த மெஷின் போனால் சோறு போச்சு. அதனால் வாயைத் திறப்பதில்லை.

வேலூரில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. அதுதான் உயிரைக் காப்பாற்றியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கன்னத்துக் கொழுப்பைச் சுரண்டி வயிற்றில் கொண்டுபோய் வைத்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் எனக்கு முன்னால் நடக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. பேதி வேறு. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"இந்த நோய் முதல்ல கை வைக்கிறதே குடல்லதாம்மா. அங்க இருக்குற நல்ல கிருமிங்களும் கெட்டுப்போவுது. சர்க்கரை ஏறுறதுல அதுக்கும் பங்கு இருக்கலாம். மாத்திரைய மாத்திப் பாக்கலாம். நீ தெனம் தயிர் சாப்பிடு, கீரை சேத்துக்க."

கிருமியால் சாகக் கிடந்தவளைக் கிருமி வளர்க்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் எதுவுமே வராது. தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தள்ளிய வயிறு, அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட்டம், பசை வாடைக்குக் குமட்டல். எங்கள் லைனில் இருந்த பெண்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்: புருஷன் இல்லாதவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். சூப்பர்வைசரம்மா ஒன்றும் கேட்காமல், பசை தடவும் மேசைக்குப் பக்கத்திலிருந்து என்னை எடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தார். கர்ப்பிணிகளை அங்கே மாற்றுவது கம்பெனி வழக்கம். நான் மறுக்கவில்லை. கெட்டுப்போனவள் என்றால் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள், பானையை உடைக்க மாட்டார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

பிறகு பேதி முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தேன். மாத்திரையை மாற்றினார்கள். சில வாரம் கழித்து, இளைத்துக் கறுத்து வேலைக்குத் திரும்பியபோது லைனே என் வயிற்றைத்தான் பார்த்தது. அது கொஞ்சம் வற்றியிருந்தது. அடுத்த கணக்கையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள்: கலைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மதியம் டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம். பக்கத்து மெஷினில் தைப்பவள், பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் முஸ்லிம் பெண், சட்டென்று அதை மூடினாள்.

"இன்னாக்கா, பச்ச உடம்புல தயிரா? ஜன்னி வந்துடும். இந்தா, உனக்குன்னுதான் பூண்டுக் குழம்பு வச்சு எடுத்தாந்தேன்."

டாக்டர் எதைத் தின்னச் சொன்னாரோ அதையே இவள் தடுக்கிறாள். யாரிடம் போய் விளக்குவது? சாப்பிட்டேன். அவளும் அதே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டதும் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு என்னை இழுத்துப்போய்க் கதவைத் தாழிட்டாள். பையிலிருந்து ஒரு பழைய நூல்சேலையின் கிழிசலை எடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு சரியாமல் இருக்க இறுக்கிக் கட்டுவார்களே, அதற்கு.

"எத்தினி மாசம்க்கா?"

நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

"சொல்ல வேணாம் வுடு. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். கைய தூக்கு."

தூக்கினேன். இல்லவே இல்லாத பிள்ளைக்காக அழுதுகொண்டே துணியைச் சுற்றினாள். கணவர் போனதற்கப்புறம் என்னைத் தொட்ட கைகள் எல்லாம் ரப்பர் உறை போட்டவை. இவள் கை வெதுவெதுப்பாக, பூண்டு வாடையோடு என் தோல்மேல் பட்டது. ஒரு வார்த்தை உண்மை சொன்னால் அந்தக் கை விலகிவிடும். எனக்குப் பயமாக இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த பயம்.

"வலிக்குதாக்கா? லூசா வுடட்டுமா?"

"வேணாம். இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு," என்றேன்.