கலசத்தின் மேல் வட்டமிட்ட கருடன்

எங்கள் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தன்று கருடன் வந்து வட்டமிட்டதாகத் துறைமுக ஊரான கிள்ளானில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது வட்டமிடவில்லை. நான் ஆற்றோரம் விட்டுவிட்டு வந்த தூண்டில் முள்ளை விழுங்கி, அதன் நைலான் நரம்பு கோபுரச் சாரத்தில் சிக்கி, போக முடியாமல் தவித்தது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை, கணக்கெழுதுவது. கோயில் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர். கும்பாபிஷேகத்துக்கு அவர் காப்புக் கட்டியிருந்ததால் வீட்டில் கருவாட்டு வாசனைகூட ஆகாது. முந்தின நாள், பெரியவர்கள் யாகசாலையில் இருந்த நேரம் பார்த்து நான் கோயிலுக்குப் பின்னால் ஆற்றில் மீன் பிடிக்கப் போனேன். பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய நீலத் துண்டுதான் மிதவை. அப்பாவின் குரல் கேட்டதும் இரை மாட்டிய தூண்டிலைச் சேற்றிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் காலை குடங்கள் கோபுரத்துக்கு ஏறின. சாரத்துக்கு மேல் ஒரு செம்பருந்து தெரிந்ததும் கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்பா அழுதார். என் கண்ணில் பட்டதோ பறவையின் அலகிலிருந்து தொங்கிய நரம்பும், கலசத்துக்கு ஒரு முழம் மேலே காற்றில் ஆடிய என் செருப்புத் துண்டும். நீர் ஊற்றும் மும்முரத்தில் குருக்கள்மார்கூட அதைக் கவனிக்கவில்லை.

பறவை களைத்துப்போய்ச் சாரக் கம்பில் உட்கார்ந்தது.

"பாருங்கக்கா, கருடன் போகவே மாட்டேங்குது லா," என்றார் பக்கத்து வீட்டம்மா என் அம்மாவிடம். "எல்லாம் செயலாளர் விரதம் இருந்த பலன்."

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

மத்தியானம் அன்னதானப் பந்தியில் சோறு இறங்கவில்லை. லோரி ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, எதிரில் வந்து நின்றார்.

"என்னடா, வடைய வச்சிக்கிட்டு முழிக்கிற? மீனு கேக்குதா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா கோபுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செருப்பா? கலசத்து மேலயா? உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உன் தோல உரிச்சிருவாரு. எனக்கும் சேத்து விழும். சத்தம் போடாம வா."

எல்லாரும் பந்தியில் இருந்தபோது இருவரும் சாரத்தில் ஏறினோம். மாமா தோள் துண்டைப் போட்டுப் பறவையைப் பிடித்தார். நரம்பு தொண்டைக்குள் போயிருந்தது. ஒரு முறை இழுத்துப் பார்த்தார். அலகில் ரத்தம் கசிந்தது. பிறகு பேனாக்கத்தியால் அலகை ஒட்டி நரம்பை அறுத்துவிட்டார். பறவை தாழ்வாகப் பறந்து ஆற்றைத் தாண்டியது. நான் கீழே வந்து இரண்டு தம்ளர் பாயசம் குடித்தேன்.

இப்போது தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய், கரையில் தூண்டில்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் நரம்புகளைப் பொறுக்கும் இளைஞர்களோடு சேர்ந்துகொள்கிறேன். வாய் திறக்காமல் இருந்த அந்தக் காலைப் பொழுதுக்கான பரிகாரம் இது. பறவையை விடுவித்த மத்தியானத்தைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இருந்ததில்லை.

சென்ற மாதம் பாறையிடுக்கில் ஆலா என்னும் கடற்பறவை ஒன்று கிடந்தது. அலகிலிருந்து நரம்பு தொங்கியது. நான் கத்தரியை எடுத்தேன். கூட வந்திருந்த, கால்நடை மருத்துவம் படிக்கும் பெண் என் கையைப் பிடித்தாள்.

"வெட்டாதீங்க அங்கிள். ஹூக்கு உள்ள இருக்கு. நரம்பு இருந்தாதான் டாக்டர் அத வெளிய எடுக்க முடியும்."

"வெட்டி விட்டா பறந்துடுமேம்மா."

"பறக்கும். ஆனா ஹூக்கு தொண்டையிலயே இருக்கும், இரை எறங்காது. எங்கயாவது போய்ப் பட்டினியா சாகும்."

"செம்பருந்துக்கும் அப்படித்தானா?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான். ஏன் அங்கிள்?"

"சும்மா கேட்டேன்."

ஆலா பிழைத்துவிட்டது. மாமா இன்று இல்லை. இருந்திருந்தாலும் அவரிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அன்று அந்தச் செம்பருந்து சதுப்புக் காட்டுப் பக்கம் மறைந்ததும், இனி அதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, அது போன திசையைப் பார்த்து அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.