ரஞ்சன்காவ் அட்டவணையில் ஒரு கட்டம்

போன மாதம் சென்னையில் ஒரு கம்பெனியின் அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிரிவில் பெண்கள் எத்தனை பேர், ஊனமுற்றோர் எத்தனை பேர், புகார்கள் எத்தனை என்று அட்டவணை போடுவதுதான் அன்றைய பாடம். மாதிரிக்கு, 2002-இல் புனே பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு நான் போட்டுக்கொடுத்த அட்டவணையை, கம்பெனி பெயரை எடுத்துவிட்டுத் திரையில் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேடம், ஸ்டோர்ஸ்ல ஊனமுற்ற பெண் ஒருத்தர்னு போட்டிருக்கீங்க. பக்கத்துக் கட்டத்துலயே புகார் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. அப்போ கொடுத்தது யாருன்னு தெரிஞ்சிடுமே?" அன்று சாயங்காலமே புனேவுக்கு டிக்கெட் போட்டேன்.

என் கட்டுரைகளைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பாவுக்கு ஆலை வேலை, அதனால் வளர்ந்தது புனேவை ஒட்டிய நிக்டியில். 1993-இல் கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு புனே சிவாஜிநகரில் தொழிலாளர் வழக்குகள் நடத்த ஆரம்பித்தேன். என் சீனியர் எனக்கு முதல் வருஷம் கொடுத்த முக்கியமான வேலை, வருகிறவர்களுக்கு டீ சொல்வது. பிறகு வழக்குகள் வந்தன, ஆனால் முடியவில்லை. வேலை போனவர் தீர்ப்பு வரும்போது ஓய்வு பெறும் வயதில் இருப்பார். கோர்ட்டுக்கு வருமுன்னே தடுத்தால் என்ன என்று தோன்றி, 2001-இல் டைவர்சிட்டி கன்சல்டன்ட் ஆனேன். பெண்களையும் ஊனமுற்றோரையும் வேலைக்கு எடுத்தால் மட்டும் போதாது, மரியாதையாக நடத்தவும் வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. சம்பளம் தருவது கம்பெனி. அதை அப்போது நான் பெரிதாக யோசிக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் கோமதி இருந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து வலது காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி போட்டவள். சூப்பர்வைசர் மேலே கை வைக்கிறார் என்று என்னிடம் எழுதிக் கொடுத்தாள். பெயர் வெளியே வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அந்த அட்டவணையோடு என் அறிக்கை போன மறு வாரமே நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் பேக்கிங் வேலைக்கு அவளை மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். அதற்கு முன்பு எனக்கு போன் செய்தாள். "உங்களத் தவிர ராஜிட்ட மட்டுந்தான் சொன்னேன்." ராஜி அவளுடைய தோழி, கம்பெனி பஸ்ஸில் தினமும் கைபிடித்து ஏற்றிவிடுகிறவள். நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "அப்போ அவதான்," என்றாள். நானும், "அப்படித்தான் இருக்கணும்," என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கத்தான் இந்தப் பயணம்.

சென்னையிலிருந்து ரயிலில் சுமார் இருபது மணி நேரம், ஸ்லீப்பர் 357 ரூபாய். ஸ்டேஷன் எதிரே லாட்ஜ், ஒரு நாளைக்கு 400. டிசம்பர் என்பதால் ஸ்வெட்டர் அவசியம். மறுநாள் காலை 6.40-க்கு சிவாஜிநகரில் அகமத்நகர் போகும் பஸ் ஏறினேன். தொழிற்சாலை இருக்கும் ரஞ்சன்காவ் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 36 ரூபாய். கூட வந்தவர்கள் பாதிப் பேர் அங்குள்ள பிள்ளையாரைப் பார்க்கப் போகிறவர்கள். நான் சாட்சி தேடிப் போனேன். வக்கீல் புத்தி, அறிக்கையை யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாமல் கோமதி முகத்தில் விழிக்க முடியாது.

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடை. கடைக்காரர் அப்போது அங்கேயே வேலை பார்த்தவராம். மராத்தியில் கேட்டேன், சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் காகிதமா தாயி? நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருந்தாங்களே. நம்ம கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனின்னு காட்டத்தான். சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் படிச்சோம். ஸ்டோர்ஸ்ல நொண்டி ஒருத்திதானே?" டீ மூன்று ரூபாய். பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

சிவாஜிநகருக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. கோமதி இருக்கும் சாங்விக்கு ஆட்டோ கேட்டால், மீட்டர் போட மாட்டேன் என்றார் டிரைவர். "அங்கிருந்து சவாரி கிடைக்காது மேடம், எண்பது குடுங்க." எண்பது கொடுத்தேன்.

கோமதி இப்போது ஒரு மஞ்சள் நிற டெலிபோன் பூத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்ததாம். எல்லோர் கையிலும் மொபைல் வந்துவிட்டதால் ஆளே இல்லை. காலிப்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தாள். அட்டவணையை விரித்து அந்த இரண்டு கட்டங்களையும் காட்டினேன். நோட்டீஸ் போர்டையும் சொன்னேன். இரண்டு கட்டங்களிலும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"அவதான்னு நீங்களுந்தான மேடம் சொன்னிய?"

"ஆமா. தப்பு என்னோடது."

"பஸ்ல வச்சு எல்லாரு முன்னாடியும் அவ மூஞ்சில காறித் துப்புனேன். தொடைச்சுக்கிட்டு அன்னிக்கும் என்னயக் கையப் பிடிச்சு எறக்கிவிட்டா. இப்ப வந்து இப்படிச் சொல்லுதிய!"

மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு துண்டுச் சீட்டில் ராஜியின் நிக்டி விலாசத்தை எழுதினாள், கீழே போன் நம்பரையும் எதையும் பார்க்காமல் எழுதினாள். "நீயே பேசேன்," என்று டெலிபோனைக் காட்டினேன். "நீங்க போங்க மேடம்," என்றாள்.

சாங்வியிலிருந்து நிக்டி பதினான்கு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறினேன், மொத்தம் 15 ரூபாய், முக்கால் மணி நேரம். நான் வளர்ந்த தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும், எட்டிப் பார்க்கவும் மனமில்லை. ராஜி சப்பாத்தி போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், பேச்சு மாறவேயில்லை. பஸ்ஸில் நடந்ததற்குப் பிறகு மேனேஜரின் ஆள் என்று அவளுக்குப் பெயராகி, பக்கத்தில் யாரும் உட்காராமல், ஆறு மாதத்தில் அவளும் வேலையை விட்டிருக்கிறாள். நான் சொல்வதை எல்லாம் மாவுக் கையோடு நின்று கேட்டாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருச்சுங்களா?"

"மத்தியானமே சொல்லிட்டேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை.

"நாள் பூரா கைக்குப் பக்கத்துலயே போனு இருக்குதுங்களே மேடம் அவளுக்கு," என்றாள். பிறகு உள்ளே போய்ச் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து கோமதியின் பூத்துக்கு போன் செய்து, ராஜி சொன்னதை அப்படியே சொன்னேன். "கஸ்டமர் வந்திருக்காங்க மேடம்," என்று வைத்துவிட்டாள். யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரஞ்சன்காவ் போகிறவர்கள் ஏழு மணிக்கு முன் பஸ் ஏறிவிடுங்கள், பிறகு உட்கார இடம் கிடைக்காது. நிக்டிக்கு ஆட்டோ வேண்டாம், பஸ்ஸே போதும். என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: அட்டவணையில் ஒன்று என்று வரும் இடத்தில் எண்ணை எழுதாதீர்கள், அது பெயர். வக்கீல் வேலையையும் சேர்த்துப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டு இதை நான் வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். நிறைய பேருக்கு நல்லது செய்திருக்கிறேன் என்று போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது பழைய கோப்புகளைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிப் பத்து நாளாகிறது. நேற்று, கோமதி எழுதிக்கொடுத்த நம்பரில் ராஜிக்கு போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் சுருதி இறங்கி, "ஓ, நீங்களாங்க," என்றாள்.